களைக்கொல்லி தாங்கும் பயிர்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அடையாறில் மாதம் ஒரு ஞாயிறு விதைகளைப் பற்றிப் பேச உட்காருகிறோம். மாடித்தோட்டம் போடுகிறவர்கள், செங்கல்பட்டு, திருவள்ளூர் பக்கம் நிலம் வாங்கிவிட்டு வார இறுதியில் போய் வருகிறவர்கள், கல்லூரிப் பிள்ளைகள் எல்லாரும் வருவார்கள். சமையல் எண்ணெய் பாக்கெட்டைக் கையோடு எடுத்து வந்து "இதில் என்ன கலந்திருக்கிறது?" என்று கேட்பவர்களும் உண்டு. கேள்விகள் திரும்பத் திரும்ப ஒன்றாகவே வருவதால் பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். எங்கள் குடும்பத்துக்கு அச்சிறுப்பாக்கம் பக்கம் இரண்டு ஏக்கர் இருக்கிறது, நெல்லும் கடலையும் போடுகிறோம். அங்கே பார்த்ததும் நடுநடுவே வரும்.

களைக்கொல்லி தாங்கும் பயிர் என்றால் என்ன?

கிளைபோசேட் போன்ற களைக்கொல்லியை வயலில் அடித்தால் பச்சையாக இருப்பதெல்லாம் காயும். களையும் காயும், பயிரும் காயும். அதனால் பயிர் நிற்கும் வயலில் அதை அடிக்க முடியாது. வரப்பிலோ, விதைப்புக்கு முன்னாலோதான் அடிக்கலாம். பயிரை மட்டும் அந்த மருந்து தொடாதபடி மாற்றிவிட்டால்? வயல் முழுக்க ஒரே அடியாக அடிக்கலாம், களை சாகும், பயிர் நிற்கும். அப்படி மாற்றப்பட்டதுதான் களைக்கொல்லி தாங்கும் பயிர்.

கிளைபோசேட் 1974இல் ரவுண்டப் என்ற பெயரில் சந்தைக்கு வந்தது. செடிகள் தங்களுக்கு வேண்டிய மூன்று அமினோ அமிலங்களைச் செய்துகொள்ள ஒரு நொதி தேவை. கிளைபோசேட் அந்த நொதியை முடக்கிவிடுகிறது. அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் கிளைபோசேட் தயாரித்த ஆலையின் கழிவிலேயே சாகாமல் வாழ்ந்த ஒரு பாக்டீரியாவை மான்சாண்டோ கம்பெனிக்காரர்கள் கண்டுபிடித்தார்கள். அதனிடம் இருந்த நொதி இந்த மருந்துக்கு மசியவில்லை. அந்த மரபணுவை எடுத்துச் சோயாவில் வைத்தார்கள். 1996இல் அந்த விதை விற்பனைக்கு வந்தது. அப்புறம் மக்காச்சோளம், பருத்தி, கனோலா என்ற கடுகு வகை, சர்க்கரை எடுக்கும் பீட் என்று வரிசையாக வந்தன. அமெரிக்காவில் இன்று பயிராகும் சோயாவிலும் பருத்தியிலும் மக்காச்சோளத்திலும் 10இல் 9 பங்குக்குக் குறையாமல் இந்த வகைதான்.

பி.டி. பருத்தியும் இதுவும் ஒன்றுதானே?

இல்லை. இந்தக் குழப்பம் எல்லாக் கூட்டத்திலும் வருகிறது. பி.டி. பருத்தி காய்ப்புழுவுக்கு எதிரான புரதத்தைத் தானே செய்துகொள்கிறது. அதனால் பூச்சிமருந்தைக் குறைக்க வழி இருந்தது. களைக்கொல்லி தாங்கும் பயிர் தானாக ஒன்றும் செய்யாது. அதன் பயன் முழுவதும் மருந்து அடிப்பதில்தான் இருக்கிறது. மருந்து அடிக்காவிட்டால் அந்த விதைக்குக் கூடுதல் காசு கொடுத்ததே வீண். சுற்றுச்சூழல் பற்றிய மற்ற எல்லாக் கேள்விகளும் இந்த ஒரு வேறுபாட்டிலிருந்துதான் பிறக்கின்றன.

மரபணு மாற்றினால்தான் இப்படிப் பயிர் வருமா?

வேண்டியதில்லை. டெல்லியில் உள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் 2021இல் பூசா பாஸ்மதி 1979, பூசா பாஸ்மதி 1985 என்று இரண்டு நெல் ரகங்களை அறிமுகம் செய்தது. இமாசெத்தபைர் என்ற களைக்கொல்லியை இவை தாங்கும். வேற்று உயிரின் மரபணு எதுவும் இவற்றில் இல்லை. நாகினா 22 என்ற பழைய நெல்லின் விதைகளை வேதிப்பொருளில் நனைத்துத் திடீர் மாற்றங்களை உண்டாக்கி, அவற்றில் மருந்தைத் தாங்கி நின்ற ஒரு செடியைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்தச் செடியின் வேர் நம் ஊரில்தான். அதைக் கண்டெடுத்தது கோயம்புத்தூர் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் நெல் ஆராய்ச்சியாளர் ராபின். அந்த மாற்ற வகைக்கும் அவர் பெயரே நிலைத்துவிட்டது.

மரபணு மாற்றம் இல்லை என்பதால் அனுமதிக் குழுக்களின் கேள்விகள் இதற்கு வரவில்லை. ஆனால் வயலில் நடக்கப்போவது ஒன்றுதான்: ஒரே மருந்து, வயல் முழுக்க, பருவத்துக்குப் பருவம். அதனால்தான் "மரபணு மாற்றப்பட்டதா?" என்பதைவிட "இதனோடு எந்த மருந்து வருகிறது, எத்தனை முறை அடிக்கவேண்டும்?" என்று கேட்கச் சொல்கிறேன்.

விவசாயி ஏன் இதை விரும்புகிறார்?

களை எடுக்க ஆள் கிடைக்காததால். இதை நகரத்தில் உட்கார்ந்து லேசாகச் சொல்லிவிட முடியாது. எங்கள் கடலைக் காட்டில் ஒரு ஏக்கர் களை எடுக்க எட்டுப் பேர் இரண்டு நாள் குனிந்து வேலை செய்யவேண்டும். விதைத்த 15, 20 நாளில் முதல் களை, 40 நாள் வாக்கில் இரண்டாவது. அந்த நாட்களில் ஆள் வராவிட்டால் முடிந்தது, கடலையைத் தேடிப் பிடிக்கவேண்டியிருக்கும். அக்கம்பக்கம் எல்லாருக்கும் அதே வாரத்தில்தான் ஆள் தேவை. இளம் வயதுக்காரர்கள் ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கம்பெனி பஸ் ஏறிவிடுகிறார்கள். வயலுக்கு வருகிறவர்களில் 50 வயதுக்குக் கீழே இருப்பவரைப் பார்ப்பது அரிது. நாள் முழுக்க குனிந்து நிமிர்ந்த அந்த அம்மாக்கள் சாயங்காலம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வரப்பில் உட்காருவதைப் பார்த்தவர் யாரும் கைக்களை எடுப்பதைப் புனிதமாக்கிப் பேச மாட்டார்.

அதே சமயம், நிலமில்லாத பெண்களுக்கு ஊரிலேயே கிடைக்கும் கூலி பெரும்பாலும் நடவும் களையும்தான். ஒரு டேங்க் மருந்தைத் தோளில் மாட்டிக்கொண்டு ஓர் ஆண் அரை நாளில் முடிக்கிற வேலை, எட்டுப் பெண்களின் இரண்டு நாள் கூலி. உச்ச நீதிமன்றம் அமைத்த தொழில்நுட்ப வல்லுநர் குழு, களைக்கொல்லி தாங்கும் பயிர்கள் இந்தியச் சூழலுக்குப் பொருந்தாது என்று 2013இல் சொன்னபோது இந்தக் கூலி விஷயத்தையும் கணக்கில் எடுத்துக்கொண்டது. அந்தக் குழு சொன்னது சரி என்றுதான் நினைக்கிறேன். ஆனால் ஆள் கிடைக்காத ஊரில் நின்று அதைச் சொல்லும்போது, மாற்று வழி என்ன என்பதையும் கையோடு சொல்லவேண்டும்.

மகசூல் கூடுமா?

இந்தப் பண்பு மட்டும் மகசூலைக் கூட்டாது. களை அடக்கப்படாத வயலோடு ஒப்பிட்டால் கூடும். நன்றாகக் களை எடுத்த வயலோடு ஒப்பிட்டால் வித்தியாசம் இல்லை.

உழாமல் விதைக்க முடிவதால் மண்ணுக்கு நல்லது என்கிறார்களே?

இது உண்மையான நன்மை, மறைக்கக் கூடாது. உழவு என்பதே பெருமளவுக்குக் களையை அடக்கத்தான். மருந்தாலேயே களை அடங்கிவிட்டால் உழவைக் குறைக்கலாம். அமெரிக்காவிலும் அர்ஜென்டினாவிலும் நிறைய நிலம் உழாத சாகுபடிக்கு மாறியதற்கு இந்தப் பயிர்கள் துணையாக இருந்தன. உழாத மண்ணில் மேல்மண் அரிப்பு குறையும், ஈரம் தங்கும், டீசல் மிச்சமாகும்.

ஆனால் அந்த நன்மை நிலைக்கவில்லை. மருந்துக்குச் சாகாத களைகள் வந்த பிறகு, அமெரிக்காவின் தென் மாநிலங்களில் பல பருத்தி விவசாயிகள் மறுபடியும் கலப்பையை எடுத்தார்கள்.

களைக்கொல்லி பயன்பாடு குறைந்ததா, கூடியதா?

முதல் சில வருடங்கள் குறைந்தது. அப்புறம் கூடியது. சார்ல்ஸ் பென்புரூக் என்ற ஆய்வாளர் 2012இல் வெளியிட்ட கணக்குப்படி, 1996 முதல் 2011 வரை அமெரிக்காவில் இந்தப் பயிர்களால் கூடுதலாக அடிக்கப்பட்ட களைக்கொல்லி சுமார் 24 கோடி கிலோ. அதே காலத்தில் பி.டி. பயிர்களால் குறைந்த பூச்சிமருந்து சுமார் 5.6 கோடி கிலோ.

இந்த எண்ணைச் சொல்லும்போது இன்னொன்றையும் சொல்வது நியாயம். கிலோ கணக்கு மட்டும் நஞ்சின் அளவைக் காட்டாது. கிளைபோசேட் வந்து ஒதுக்கிய சில பழைய மருந்துகள் அதைவிட உடனடி நஞ்சு அதிகம் உள்ளவை. எடை கூடிய அளவுக்கு ஆபத்தும் கூடியது என்று நேராகப் பெருக்கிவிட முடியாது. எனக்கு அதைவிடக் கவலை தருவது, ஒரே மருந்து அவ்வளவு பரப்பில், அவ்வளவு வருடம் அடிக்கப்பட்டதுதான்.

களை அந்த மருந்துக்குப் பழகிக்கொள்ளுமா?

பழகிவிட்டது. தனி ஒரு செடி மருந்துக்குப் பழகுவதில்லை, வம்சம் மாறுகிறது. லட்சம் செடிகளில் ஒன்றிரண்டுக்கு இயல்பாகவே தாங்கும் திறன் இருக்கும். மருந்து மற்ற எல்லாவற்றையும் கொன்று அந்த ஒன்றிரண்டுக்கு இடம் விடுகிறது. அடுத்த பருவத்தில் வயலில் முளைப்பது அவற்றின் பிள்ளைகள். மறுபடி அதே மருந்து, மறுபடி அதே வடிகட்டல். சில வருடங்களில் வயல் முழுக்க அவைதான்.

கிளைபோசேட்டுக்குச் சாகாத முதல் களை 1996இல் ஆஸ்திரேலியாவில் தெரிந்தது, அது ஒரு ரை புல். ரவுண்டப் சோயா வயல்களில் முதலில் கிளம்பியது அமெரிக்காவின் டெலவேர் மாநிலத்தில், 2000இல், குதிரைவால் களை என்று அவர்கள் சொல்லும் ஒரு செடி. ஆனால் விவசாயிகளை அலற வைத்தது அதற்குப் பிறகு ஜார்ஜியா மாநிலத்துப் பருத்திக் காடுகளில் வந்த பால்மர் அமராந்த். பெயர் அந்நியமாக இருந்தாலும் அது நமக்குத் தெரிந்த குடும்பம்தான். நம் தண்டுக்கீரை, முள்ளுக்கீரை, குப்பைக்கீரை எல்லாவற்றுக்கும் பங்காளி.

இந்தக் கீரை வீட்டுக்காரர்கள் எப்படி என்று மாடித்தோட்டம் போடும் எல்லாருக்கும் தெரியும். ஒரு முளைக்கீரைச் செடியைப் பூத்து முற்ற விட்டு, காய்ந்த கதிரை வெள்ளைத் தாளின் மேல் தட்டிப் பாருங்கள். கடுகைவிடச் சின்னதாக, கறுப்பாக, பளபளவென்று விதை கொட்டிக்கொண்டே இருக்கும். ஊதினால் பறக்கும், விரலில் ஒட்டும், தரை இடுக்கில் விழுந்தால் அடுத்த மழைக்கு முளைக்கும். பால்மர் அமராந்தில் ஒரு பெண் செடி லட்சக்கணக்கில் விதை போடும். நல்ல வெயிலில் ஒரு நாளைக்கு 5 சென்டிமீட்டருக்கு மேல் வளரும், ஆள் உயரம் தாண்டும், தண்டு கட்டையாகி அறுவடை இயந்திரத்தையே நிறுத்திவிடும். ஆண் செடி, பெண் செடி தனித்தனியாக இருப்பதால் மகரந்தம் காற்றில் போய் அந்தத் திறனையும் கூடவே எடுத்துக்கொண்டு போகிறது.

அது எப்படித் தப்பியது என்பதை 2010இல் கண்டுபிடித்தார்கள். கிளைபோசேட் முடக்கும் அந்த நொதியின் மரபணுவை இந்தச் செடி தன்னிடமே பல பிரதி எடுத்து வைத்துக்கொண்டிருந்தது. சில செடிகளில் 100க்கும் மேல். மருந்து எவ்வளவு முடக்கினாலும் மிச்சம் இருக்கும் நொதி போதும். கடைசியில் ஜார்ஜியாவில் கூலி ஆட்களை வைத்துக் கையால் பிடுங்கினார்கள். கைக்களையை ஒழிக்க வந்த பயிரின் வயலில் இது நடந்தது.

நம் நாட்டில் இப்படி நடந்திருக்கிறதா?

களைக்கொல்லி தாங்கும் பயிர் இல்லாமலேயே நடந்திருக்கிறது. ஹரியானா, பஞ்சாப் கோதுமை வயல்களில் குல்லி தண்டா என்ற புல்லுக்கு ஐசோபுரோட்டுரான் என்ற ஒரே மருந்தை வருடக்கணக்கில் அடித்தார்கள். 1990களின் தொடக்கத்தில் அந்தப் புல் சாகாமல் நின்றது. சிலர் கோதுமையை முற்றுமுன்னே அறுத்து மாட்டுத் தீவனமாகப் போட்டார்கள்.

பாஸ்மதி விஷயத்தில் எனக்கு உள்ள பயமும் இதுதான். இமாசெத்தபைர் எந்த வகையைச் சேர்ந்ததோ, உலகத்தில் அதிகமான களை இனங்கள் எதிர்ப்புத் திறன் பெற்றிருப்பது அந்த வகைக்குத்தான்.

மருந்து காற்றில் பக்கத்து வயலுக்குப் போகுமா?

போகும், எல்லா மருந்துமே கொஞ்சம் போகும். டைகாம்பா என்ற களைக்கொல்லி இதில் மோசம். கிளைபோசேட் எடுபடாமல் போனதும் அமெரிக்காவில் டைகாம்பாவைத் தாங்கும் சோயாவும் பருத்தியும் வந்தன. இந்த மருந்து அடித்த பிறகும் வெயிலில் ஆவியாகி எழுந்து பக்கத்து வயலுக்கு நகரும். தாங்கும் திறன் இல்லாத சோயாவில் பட்டால் இலை கிண்ணம் போலக் குவிந்துவிடும். 2017இல் மட்டும் சுமார் 36 லட்சம் ஏக்கர் சோயா இப்படிப் பாதிக்கப்பட்டதாக மிசௌரி பல்கலைக்கழகத்தின் கணக்கு. அதற்கு முந்தைய வருடம் ஆர்கன்சா மாநிலத்தில் இந்தத் தகராறில் ஒரு விவசாயி சுட்டுக் கொல்லப்பட்டார். அந்த மருந்துக்கான அனுமதியை நீதிமன்றங்கள் 2020இலும் 2024இலும் ரத்து செய்தன.

நம் ஊரில் வரப்பு ஓர் அடி. இந்தப் பக்கம் ஒருவர் மருந்து அடித்தால் அந்தப் பக்கம் கத்தரிக்காய் போட்டவர் என்ன செய்வார்?

வண்ணத்துப்பூச்சி, தேனீ, பறவைகளுக்கு என்ன ஆகும்?

இதில் நல்ல சோதனை ஒன்று உண்டு. பிரிட்டனில் 1999இல் தொடங்கி, ஒவ்வொரு பயிருக்கும் சுமார் 60 வயல்களை எடுத்து, வயலைப் பாதியாகப் பிரித்து, ஒரு பாதியில் வழக்கமான பயிர், மறு பாதியில் களைக்கொல்லி தாங்கும் பயிர் என்று போட்டுப் பார்த்தார்கள். 2003இல் முடிவுகள் வந்தன. பீட்டிலும் கடுகு வகைப் பயிரிலும் களைகள், களை விதைகள், தேனீக்கள், வண்ணத்துப்பூச்சிகள் எல்லாம் குறைவு. மக்காச்சோளத்தில் நேர்மாறாக, களைக்கொல்லி தாங்கும் பாதியில்தான் பூச்சிகள் அதிகம். காரணம், மறு பாதியில் அடித்தது அட்ரசின் என்ற இன்னும் கடுமையான மருந்து. ஆக, பூச்சியின் பிழைப்பை முடிவு செய்தது எந்த மருந்து, எவ்வளவு சுத்தமாகக் களையை ஒழித்தது என்பதுதான்.

அமெரிக்காவின் மொனார்க் வண்ணத்துப்பூச்சி கதை பலருக்குத் தெரியும். அதன் புழு பால் வடியும் ஒரு செடியை மட்டும்தான் தின்னும். அந்தச் செடி மக்காச்சோளம், சோயா வயல்களுக்குள் களையாக முளைக்கும். 1999க்கும் 2010க்கும் இடையில் மத்திய மேற்கு மாநிலங்களில் அந்தச் செடி 58 சதவீதம் குறைந்ததாக ஒரு கணக்கீடு சொன்னது. மொனார்க் குறைந்ததற்கு மெக்சிகோவில் காடு அழிவதும் வானிலையும்கூடக் காரணம் என்று வாதம் நடக்கிறது. ஆனால் தின்னும் செடி போனால் புழு எங்கே போகும்?

நமக்கு இதன் உறவு எருக்கு. வேளச்சேரி ரயில் பாதை ஓரத்திலோ, ஊரில் வரப்பிலோ எருக்கு இலையைத் திருப்பிப் பாருங்கள். கறுப்பு, மஞ்சள், வெள்ளை வளையம் போட்ட புழு உட்கார்ந்திருக்கும். வெந்தய வரியன் என்ற வண்ணத்துப்பூச்சியின் பிள்ளை அது. வரப்பு வரைக்கும் மருந்து அடிக்கிற ஊரில் முதலில் காணாமல் போவது அதுதான்.

வயலில் முளைக்கும் கீரைகள்?

யாரும் அதிகம் கேட்பதில்லை. நானே சேர்த்துக்கொண்ட கேள்வி இது.

கடலைக் காட்டில் களை எடுக்கும் அம்மாக்களைக் கவனித்திருக்கிறேன். பிடுங்குவதை எல்லாம் ஒரே குவியலாகப் போடமாட்டார்கள். கோரையும் அருகும் வரப்புக்குப் போகும். புல் தனியாக ஆட்டுக்கு. பண்ணைக்கீரையின் கொழுந்து, தொய்யக்கீரை, குப்பைக்கீரை, சாரணை இவையெல்லாம் நுனி கிள்ளி மடிக்குப் போகும். மதியம் வீட்டுக்குப் போகும்போது மடி நிறைந்திருக்கும். ராத்திரி பருப்போடு கடைசலாகும். நெல் வயலில் என்றால் ஆரைக்கீரை, வல்லாரை, வரப்போரம் பொன்னாங்கண்ணி, கரிசலாங்கண்ணி, கீழாநெல்லி. தாம்பரம் மார்க்கெட்டில் கலவைக்கீரை என்று கட்டி விற்பதில் பாதி இப்படி வயலிலிருந்து வருவதுதான். நாம் களை என்று சொல்லும் பட்டியலும் கீரைக்காரம்மாவின் கூடையும் ஏறக்குறைய ஒன்று.

வயல் முழுக்க அடிக்கிற மருந்து இவற்றில் எதையும் விடாது. இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. கிளைபோசேட் அடித்த செடி அன்றே வாடாது. மஞ்சளாகிக் காயத் தொடங்க ஒரு வாரம், பத்து நாள் ஆகும். அதுவரை பார்க்கப் பச்சையாக, கொழுந்தாகத்தான் நிற்கும். மருந்து அடித்தது தெரியாமல் ஒருவர் கிள்ளிக்கொண்டு போனால் அது அவர் வீட்டுத் தட்டுக்குப் போகிறது. வெளிநாட்டில் ஆயிரம் ஏக்கர் வயலுக்குள் யாரும் கீரை பறிக்க இறங்குவதில்லை. நம் வயலில் தினமும் இறங்குகிறார்கள். அங்கே செய்த பாதுகாப்புக் கணக்கை அப்படியே இங்கே கொண்டுவந்து பொருத்துவது தவறு.

அந்த மரபணு மற்ற செடிகளுக்குப் பரவுமா?

உறவுச் செடி பக்கத்தில் இருந்தால் பரவும். அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் கோல்ஃப் மைதானத்துக்காக உருவாக்கிய களைக்கொல்லி தாங்கும் புல்லின் மகரந்தம் 21 கிலோமீட்டர் தள்ளி ஒட்டியிருந்தது 2004இல் தெரிந்தது. வடக்கு டகோட்டாவில் லாரியிலிருந்து சிந்திய கனோலா சாலையோரம் தானாகவே வளர்ந்து நிற்கிறது.

நமக்கு முக்கியமானது நெல். நெல் வயலில் களையாக முளைக்கும் காட்டு நெல் பார்க்க நெல் மாதிரியே இருக்கும், கதிர் வந்த பிறகுதான் தெரியும், அறுவடைக்கு முன்பே உதிர்ந்துவிடும். அது பயிர் நெல்லோடு கலக்கும். அமெரிக்காவில் 2002இல் வந்த களைக்கொல்லி தாங்கும் நெல்லிலிருந்து அந்தத் திறன் சில வருடங்களிலேயே சிவப்புக் களை நெல்லுக்குப் போய்விட்டது. நாற்று நடாமல் நேரடியாக விதைக்கும் வயலில்தான் களை நெல் அதிகம். களைக்கொல்லி தாங்கும் நெல்லை நேரடி விதைப்புக்குத்தான் சிபாரிசு செய்கிறார்கள். தண்ணீர் மிச்சமாகும் நல்ல முறை அது, மறுக்கவில்லை. ஆனால் இரண்டும் ஒரே வயலில் சந்திக்கப் போகின்றன.

மண்ணிலும் ஏரியிலும் தங்குமா?

கிளைபோசேட் மண்ணோடு இறுக ஒட்டிக்கொள்ளும். அதனால் ஆழமாக இறங்குவது குறைவு. மண்ணைப் பொறுத்துச் சில நாள் முதல் சில மாதங்கள் வரை இருக்கும். அடித்த கையோடு கனமழை வந்தால் மண்ணோடு சேர்ந்து ஏரிக்கும் குளத்துக்கும் ஓடும். நம் வடகிழக்குப் பருவமழை எப்படிக் கொட்டும் என்று சொல்லவேண்டியதில்லை. மருந்தோடு கலக்கும் சில ஒட்டுத் திரவங்கள் தவளைக் குஞ்சுகளுக்கு மருந்தைவிட அதிக நஞ்சு என்று சோதனைகள் காட்டியிருக்கின்றன. ஏரிப் பாசனம் உள்ள ஊரில் களிங்கில் வழியும் தண்ணீர் அடுத்த ஊர் ஏரிக்குப் போகும் என்பதை நினைவில் வையுங்கள்.

இந்தியாவில் சட்டப்படி இது உண்டா?

மரபணு மாற்றிய களைக்கொல்லி தாங்கும் பயிர் எதற்கும் விவசாயிகள் பயிரிட முழு அனுமதி இல்லை. களைக்கொல்லி தாங்கும் பருத்திக்கு மகிகோ நிறுவனம் கேட்டிருந்த அனுமதியை 2016இல் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். ஆனால் கள்ள விதை பல மாநிலங்களில் பரவியது. 2019 ஜூனில் மகாராஷ்டிராவின் அகோலா மாவட்டத்தில் ஷேத்கரி சங்கட்டனா என்ற விவசாயிகள் அமைப்பு ஊரறிய அதை விதைத்துக் காட்டிப் போராட்டம் நடத்தியது. பிரேசிலிலும் இப்படித்தான் நடந்தது. அர்ஜென்டினாவிலிருந்து கடத்தி வந்த சோயா விதைக்கு மரடோனா என்றே பெயர் வைத்திருந்தார்கள், பிறகுதான் அரசு அனுமதித்தது. கள்ள விதையில் விவசாயிக்கு ரசீது கிடையாது, முளைக்காவிட்டால் கேட்க நாதி கிடையாது. விற்றவர் அடுத்த வருடம் வேறு ஊரில் இருப்பார்.

கடுகு விஷயம் தனி. டெல்லி பல்கலைக்கழகத்தின் தீபக் பென்டல் குழு உருவாக்கிய டி.எம்.எச். 11 என்ற கடுகுக்கு 2022 அக்டோபரில் சுற்றுச்சூழல் அனுமதி தந்தார்கள். அதில் குளுஃபோசினேட் என்ற களைக்கொல்லியைத் தாங்கும் மரபணு இருக்கிறது. கலப்பின விதை உற்பத்திக்கு மட்டும்தான் அது, விவசாயி வயலில் அந்த மருந்தை அடிக்கக் கூடாது என்பது நிபந்தனை. தாங்கும் செடி வயலில் நிற்கும்போது, மருந்து கடையில் கிடைக்கும்போது, அந்த நிபந்தனையை யார் காவல் காப்பது? இந்த அனுமதி செல்லுமா என்ற வழக்கில் 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றத்தின் இரண்டு நீதிபதிகளும் மாறுபட்ட தீர்ப்பு தந்தார்கள். மரபணு மாற்றுப் பயிர்களுக்கு ஒரு தேசியக் கொள்கை வேண்டும் என்பதில் இருவரும் ஒத்துப்போனார்கள்.

கிளைபோசேட்டைப் பூச்சி ஒழிப்புப் பணிக்கு உரிமம் பெற்றவர்கள் மூலமாக மட்டுமே அடிக்கவேண்டும் என்று 2022 அக்டோபரில் மத்திய அரசு ஆணையிட்டது. பக்கத்தில் இலங்கை 2015இல் முழுவதும் தடை செய்து, தேயிலைத் தோட்டங்களின் நெருக்கடியால் 2018இல் தளர்த்தி, 2022இல் தடையையே நீக்கியது.

சென்னையில் என் சமையலறைக்கு இது வந்துவிட்டதா?

எண்ணெயாக வந்திருக்க வாய்ப்பு அதிகம். இந்தியா பெருமளவில் சோயா எண்ணெயை அர்ஜென்டினா, பிரேசில் போன்ற நாடுகளிலிருந்து இறக்குமதி செய்கிறது. அங்கே விளையும் சோயா பெரும்பாலும் களைக்கொல்லி தாங்கும் வகை. சுத்திகரித்த எண்ணெயில் மரபணுவோ புரதமோ அநேகமாக மிஞ்சாது, அதனால் பயப்பட வேண்டியதில்லை. கோழித் தீவனத்துக்காக 12 லட்சம் டன் மரபணு மாற்றிய சோயாப் புண்ணாக்கை இறக்குமதி செய்ய 2021 ஆகஸ்டில் அரசு அனுமதித்தது. இங்கே பயிரிடத் தடை, அங்கே விளைந்ததை வாங்க அனுமதி. உள்ளூர் எண்ணெய் வேண்டுமென்றால் செக்கில் ஆட்டிய கடலை எண்ணெயும் நல்லெண்ணெயும் இருக்கின்றன.

கிளைபோசேட்டால் புற்றுநோய் வருமா?

உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015இல் "மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ளது" என்ற வகையில் வைத்தது. அமெரிக்க, ஐரோப்பிய ஒழுங்குமுறை அமைப்புகள் அதை ஏற்கவில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் இன்னும் 10 வருடங்களுக்கு அனுமதி நீட்டித்தது. இரண்டு பக்கமும் பார்த்த கேள்வியே வேறு. முன்னது இந்தப் பொருளால் முடியுமா என்று பார்த்தது, பின்னது சாதாரணமாகப் படும் அளவில் நடக்குமா என்று பார்த்தது. என் கவலை சாப்பிடுகிறவரைவிட அடிக்கிறவரைப் பற்றித்தான். கையுறை இல்லாமல், செருப்பில்லாமல், ஒழுகும் டேங்கை முதுகில் சுமந்து, முதுகுச் சட்டை நனைந்தபடி அடிப்பவர்களை எந்த ஊரிலும் பார்க்கலாம்.

நிலம் வாங்கியிருக்கிறேன். மருந்து இல்லாமல் களையை எப்படி அடக்குவது?

விதைக்குமுன் ஒரு தண்ணீர் விடுங்கள். மேல்மண்ணில் இருக்கும் களை விதை முளைக்கும். இரண்டு மூன்று இலை வந்ததும் மேலோட்டமாக ஓட்டிவிட்டு அப்புறம் விதையுங்கள். முடிந்தால் இதை இரண்டு முறை செய்யுங்கள். இதைவிட மலிவான களைக்கொல்லி எனக்குத் தெரியாது.

நெல் என்றால் வரிசையாக நட்டு, கையால் தள்ளும் களைக்கருவியான கோனோவீடரை ஓட்டுங்கள். திருந்திய நெல் சாகுபடியில் பத்து நாளுக்கு ஒரு முறை ஓட்டுவார்கள். களை மண்ணுக்குள் அமுங்கி எருவாகிவிடும், வேருக்குக் காற்றும் கிடைக்கும். கடலையில் பூவிலிருந்து விழுது மண்ணுக்குள் இறங்கும் முன் களை வேலையை முடித்துவிடவேண்டும், அதற்குப் பிறகு மண்ணைக் கிளறக் கூடாது. வரிசை இடைவெளி சரியாக இருந்தால் சின்ன பவர் வீடர் போதும், குனிய வேண்டாம்.

கோரைக்கு மட்டும் பொறுமை வேண்டும். ஒன்றைப் பிடுங்கிப் பாருங்கள், மேலே வருவது தழை மட்டும். மண்வெட்டியால் ஓர் அடி தோண்டினால் கறுப்புக் கிழங்குகள் மணிமாலை போலக் கோர்த்துக்கொண்டு வரும். ஒன்று விட்டுப்போனாலும் மறுபடி தழையும். கோடை உழவு போட்டுக் கிழங்கை வெயிலில் காயவிடுவதும், பொறுக்கி எடுப்பதும், நிழல் கட்டும் பயிரைப் போடுவதும் சேர்ந்தால் இரண்டு மூன்று வருடத்தில் அடங்கும். களைக்கொல்லியும் இந்தக் கிழங்கு மாலையை ஒரே அடியில் அழிப்பதில்லை.

மாடித்தோட்டத்தில் களைக்கொல்லி அடிக்கலாமா?

கூடாது. நான்கைந்து தொட்டிக்கு மருந்து எதற்கு? மழை பெய்த மறுநாள் காலையில் மாடிக்குப் போங்கள். மண் இளகியிருக்கும், இரண்டு விரலால் இழுத்தாலே வேரோடு வரும். குப்பைக்கீரை இருந்தால் பொரியலுக்கு எடுத்துக்கொள்ளுங்கள். மற்றவை பூ வைக்காதவையாக இருந்தால் அதே தொட்டியில் மண்ணுக்கு மேல் மூடாக்காகப் பரப்பிவிடுங்கள்.